மலையில் ஓர் இரவு தங்க வருகிறவர்களுக்கு



சனி, ஞாயிறோடு ஒரு அரசு விடுமுறையும் சேர்ந்துவிட்டால் சென்னை, பெங்களூரு, கோவை, மதுரை என்று பல ஊர்களிலிருந்து கிளம்பி, விடியற்காலையில் எங்கள் வத்தலக்குண்டு வழியாக மலையேறுகிறவர்கள் நீங்கள். கல்லூரி நண்பர்கள், ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள், பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் என்று பல விதமாக வருகிறீர்கள். கொடைக்கானல் டவுனில் அறை எடுக்காமல், பூம்பாறை, கூக்கால், மன்னவனூர், பூண்டி என்று மேல்மலைக்குள் போய் மரவீட்டிலோ மண்வீட்டிலோ டென்ட்டிலோ தங்க ஆசைப்படுகிறீர்கள். அந்த ஆசையை மதித்துத்தான் இதை எழுதுகிறேன். வராதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை.

டிவியும் லிஃப்டும் உள்ள அறையை விட்டுவிட்டுத் தகரக் கூரைக்கு அடியில் ஒரு ராத்திரி படுக்க நினைப்பது நல்ல விஷயம். வருஷம் முழுக்க ஏசியிலும் போக்குவரத்து இரைச்சலிலும் இருக்கிற உடம்புக்கு அது தேவை. பிள்ளைகளுக்கு இன்னும் தேவை. உண்மையான இருட்டு எப்படி இருக்கும் என்று தெரியாமலே வளர்கிற பிள்ளைகளை நகரத்தில் நிறையப் பார்க்கிறேன்.

நல்லதொரு மலைத் தங்குமிடம் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மேல்மலையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பூண்டுக்காட்டின் ஓரத்தில் சில அறைகள் கட்டி வாடகைக்கு விடுகிறது. சரிவை வெட்டவில்லை. படிப்படியாக ஏற்கெனவே இருந்த வயலில், ஒரு படியின் மேல் ஒரு அறை. தைலமரப் பலகைச் சுவர், தகரக் கூரை, தரையில் தடித்த பாய், மேலே இரண்டு கம்பளி. குளிக்க ஆளுக்கு ஒரு வாளி வெந்நீர், காலையில் மட்டும். கழிவறை நாலெட்டு நடந்து போகிற தூரத்தில். சாப்பாடு அந்த வீட்டு அம்மா சமைப்பதுதான், கேட்டதெல்லாம் கிடைக்காது. அன்றைக்குத் தோட்டத்தில் பறித்த பீன்ஸும் உருளைக்கிழங்கும் வரும். அடுப்புக்கு மேலே பரணில் மலைப்பூண்டைத் தாளோடு கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். புகை ஏறி ஏறித் தோல் பழுப்பாகியிருக்கும். அதில் ஒரு கொத்தை அவிழ்த்து, நாலு பல் தட்டி ரசத்தில் போட்டால் வாசலில் நிற்கிறவருக்கு வாசனை வரும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அதுதான். கடையில் வாங்குகிறபோது தெரியாத அதன் காரம், அந்த அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடும்போது தெரியும்.

ராத்திரி ஏழு மணிக்கெல்லாம் மேகம் பள்ளத்திலிருந்து ஏறி வாசல்வரை வந்துவிடும். ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததற்குத்தான் நீங்கள் அவ்வளவு தூரம் வருகிறீர்கள் என்று நான் நம்புகிறேன்.

எளிமையான தங்குமிடம் என்று நான் சொல்வது இதைத்தான். தண்ணீர், விறகு, வெளிச்சம், நிலம் எல்லாவற்றிலும் அந்த இடம் மலையிடம் கேட்பது கொஞ்சம். பலகைச் சுவரும் மண் பூச்சும் இருந்தால் மட்டும் எளிமை வந்துவிடாது. இப்போது விளம்பரத்தில் வருகிற பல இடங்களில் சுவர் மட்டுமே எளிமையாக இருக்கிறது. ஜேசிபி வைத்து சரிவைச் சமமாக்கி, வரிசையாக டென்ட் போட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, கேம்ப் ஃபயர், பார்பிக்யூ, நள்ளிரவுவரை ஸ்பீக்கர், ஜெனரேட்டர், சீரியல் லைட். இரண்டு கழிவறையை ஐம்பது பேர் பயன்படுத்துகிறார்கள். மலை அங்கே படம் எடுக்கும் பின்னணியாக மட்டும் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்கள் உங்கள் பணத்தில்தான் நடக்கின்றன. ஆகவே அவற்றை மாற்றவும் உங்களால்தான் முடியும்.

முதலில் நெருப்பு. கேம்ப் ஃபயர் இல்லாத டென்ட் டென்ட்டே இல்லை என்கிற எண்ணம் எப்படியோ வந்துவிட்டது. அதற்கான விறகு எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. வாட்டில் என்று மேல்மலைக்காரர்கள் சொல்கிற சீகை மரம் வெளிநாட்டிலிருந்து வந்தது, புல்வெளியை ஆக்கிரமித்தது, அதை எரித்தால் என்ன என்று சிலர் வாதாடுவதைக் கேட்டிருக்கிறேன். வாட்டிலை அகற்ற வேண்டும் என்பது சரி. ஆனால் சாயங்காலம் அவசரமாக விறகு பொறுக்கப் போகிற பையன் சோலைக் காட்டுக்குள்ளும் போவான். கையில் கிடைப்பதை எடுத்து வருவான். சோலையில் விழுந்து கிடக்கும் மரம் பாசியும் பூஞ்சையும் ஏறி மண்ணாகி, மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கிற மரம்.

பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை புல் சருகாகக் காய்ந்துவிடும். அந்த மாதங்களில் பழனி மலைத்தொடரில் தீ பிடிக்காத வருஷம் அபூர்வம். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்ததை நாங்கள் யாரும் மறக்கவில்லை. சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் மலையேற வந்தவர்கள், உங்களைப் போல் வேலைக்குப் போய்க்கொண்டு ஓய்வு நாளில் மலைக்கு வந்தவர்கள், புல்வெளித் தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரிகிற சுவாலை மேலே இருக்கிற புல்லைச் சூடாக்கிக் காயவைத்துக்கொண்டே போகும். மனிதனின் கால் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. இதைத் தெரிந்துகொண்ட யாரும் மார்ச் மாதத்தில் புல்மேட்டில் ஒரு தீக்குச்சியைக் கூடப் பற்றவைக்க மாட்டார்கள். தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை, முன்பதிவும் உள்ளூர் வழிகாட்டிகளும் வைத்துத் திறந்தது. தீக்காலத்தில் அந்தப் பாதைகளை அவர்களே மூடிவிடுகிறார்கள். அரசு மூடுகிற மாதத்தில் தனியார் ஒருவர் ‘கேம்ப் ஃபயர் உண்டு’ என்று விளம்பரம் செய்தால், அவருக்கு உங்கள் உயிர்மேல் அக்கறை இல்லை என்று அர்த்தம்.

நெருப்பைப் பற்றி இன்னொன்று. இதைத் தயவுசெய்து உங்கள் குழுவில் எல்லோருக்கும் சொல்லுங்கள். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், பார்பிக்யூ போட்ட கரி அடுப்பை அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டு தூங்கிய இரண்டு இளைஞர்கள் காலையில் எழவில்லை. கரி சிவந்து கனன்றுகொண்டிருக்கும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, இருமல்கூட வராது. தலை லேசாக வலிக்கும், தூக்கம் சுழற்றும், அவ்வளவுதான். குளிருக்குக் கதவையும் ஜன்னலையும் இறுக்கிச் சாத்தியிருப்பீர்கள். டென்ட் என்றால் ஜிப்பை முழுக்க இழுத்திருப்பீர்கள். சுவாலை இல்லையே, தணல்தானே என்று நினைப்பதுதான் ஆபத்து. கரி அடுப்பு, விறகுத் தணல், கேஸ் ஹீட்டர் எதுவும் தூங்குகிற இடத்துக்குள் வரவே கூடாது. ரிசார்ட்காரரே கொண்டுவந்து வைத்தாலும் வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

குளிருக்கு வேறு வழிகள் இருக்கின்றன. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். வத்தலக்குண்டில் சட்டை நனைய வியர்க்கிற அதே நாளில், 2,000 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிற மேல்மலையில் பல் கிட்டும். டிசம்பர், ஜனவரியில் மன்னவனூர்ப் பக்கம் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். டென்ட்டில் படுப்பவரைக் குளிர் தாக்குவது பெரும்பாலும் தரையிலிருந்துதான். மேலே மூன்று போர்வை போர்த்துவதைவிடக் கீழே ஒரு தடித்த விரிப்பு அதிகம் உதவும். பனியில் நனைந்த பருத்தி உடை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். படுக்கும் முன் உலர்ந்ததை மாற்றிக்கொண்டு கம்பளிக் காலுறை போடுங்கள். தைலமரத்துக்குக் கீழே டென்ட் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த மரம் எச்சரிக்கை இல்லாமல் கிளையை முறித்துப் போடும்.

அடுத்து, அங்கே ஏற்கெனவே குடியிருக்கிறவர்களைப் பற்றி. கொடைக்கானல் வனப்பகுதி 2013-இல் வனவிலங்குச் சரணாலயம் ஆனது. காட்டுமாடு சரணாலயத்துக்குள் மட்டும் இருப்பதில்லை. டவுன் கடைவீதியிலேயே நடக்கிறது. ஒரு டன் எடை வரை வளரும் பிராணி அது. பார்ப்பதற்குச் சாதுவாக இருப்பதால் செல்ஃபி எடுக்கக் கிட்டே போகிறார்கள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கவாட்டில் முழு உடம்பையும் காட்டி, முதுகுத் திமில் தெரிய அசையாமல் நின்றால், படத்துக்காக நிற்கிறது என்று எண்ண வேண்டாம். ‘என் அளவைப் பார், விலகிப் போ’ என்று எச்சரிக்கிறது. ஓடாமல், சத்தம் போடாமல், பின்னால் நகர்ந்து வந்துவிடுங்கள். கொஞ்சம் கீழே பேத்துப்பாறைப் பக்கம் யானை வரும். அங்கே பலா, வாழை வைத்திருப்பவர்களுக்கு ராத்திரித் தூக்கமே கிடையாது.

2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடி அருகே டென்ட்டில் தங்கியிருந்த இளம் ஆசிரியை ஒருவரை யானை தாக்கிக் கொன்றது. அதே மாதம் மசினகுடியில், விடுதிப் பக்கம் வந்த யானைமேல் எரிகிற டயரை வீசினார்கள். காது வெந்து, ரத்தம் வடிய அலைந்து அந்த யானை செத்தது. இந்த இரண்டு சாவையும் நான் ஒன்றாகவே பார்க்கிறேன். யானை நடக்கிற வழியில் தங்குமிடம் போட்டால் ஒன்று விருந்தாளி சாவார், இல்லையென்றால் யானை சாகும். விலங்கு நடமாட்டம் உண்டா என்று கேட்டால் சிலர் பெருமையாக ‘கண்டிப்பா பாக்கலாம் சார்’ என்பார்கள். அந்தப் பதில் வந்தால் பிள்ளைகளோடு அங்கே போகாதீர்கள். எங்கே தங்கினாலும் பழம், பிஸ்கட், மீந்த பிரியாணி எதையும் டென்ட்டுக்குள் வைத்துத் தூங்காதீர்கள். வீட்டுக்காரரின் சமையலறையில் கொடுத்துவிடுங்கள்.

இனி நான் சொல்லப் போவது எங்கள் சொந்த வழக்கு. நீங்கள் மலைப்பாதையில் டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தி எதிரே விழுகிற எலிவால் அருவியைப் படம் எடுக்கிறீர்களே, அந்தத் தண்ணீர்தான் மஞ்சளாறாகி அணைக்கு வந்து எங்கள் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. பேரிஜம் ஏரித் தண்ணீர் பெரியகுளத்துக்குக் குடிநீர். மேல்மலையின் மேற்கு ஓடைகள் அமராவதிக்குப் போய் உடுமலை, தாராபுரம் பக்கத்து விவசாயிகளைச் சேர்கின்றன. சோலையும் புல்வெளியும் மழைக்காலத்தில் குடித்த தண்ணீரைக் கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான் எங்களுக்கு ஏப்ரலில் ஏதோ ஓடுகிறது. நீங்கள் தங்கும் இடம் எங்கள் குடிநீரின் தலைமாடு.

ஐம்பது பேர் தங்குகிற டென்ட் இடத்தில் செப்டிக் டேங்க் ஒழுங்காக இல்லையென்றால் அந்தக் கழிவு போகிற இடம் ஓடை. ஓடைக்குப் பக்கத்தில் குழி வெட்டி மூடிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. முதல் மழைக்குக் கீழே வந்துவிடும். குழந்தைகளின் டயப்பரும், ஈரத் துடைப்புத் தாளும், நாப்கினும் பாறை இடுக்குகளில் கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இவற்றுக்கு ஒரு தனிப் பை கொண்டு வந்து, கட்டி, உங்கள் ஊருக்கே எடுத்துப் போய்விடுங்கள். மலையில் அவற்றை ஒழிக்க வழி கிடையாது. ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குக் கொடைக்கானலில் தடை இருக்கிறது, பிடித்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் வசூலிக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பணத்தைக் கட்டிவிட்டால் பாட்டில் மறைந்துவிடாது. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள்.

கொடைக்கானலுக்கு வரும் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் தொடங்கிய சீசனுக்கு, வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வாகனங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் கொடைக்கானலுக்கு வரம்பு போட்டது. இதைப் பலர் தொந்தரவு என்று பேசுகிறார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் சிலரும் வியாபாரம் குறையும் என்று வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் குறுகிய மலைப்பாதை, ஒரு பக்கம் பள்ளம், ஒரு ஆம்புலன்ஸ் இறங்க வழியில்லாத நெரிசல் என்று நிலைமை ஆன பிறகு வேறு வழி இல்லை. உங்களால் முடிந்தால் வார நாளில் வாருங்கள். வாடகையும் குறையும், வீட்டுக்காரருக்கு உங்களோடு உட்கார்ந்து பேச நேரமும் இருக்கும்.

சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேல்மலை கிராமங்களில் காலை ஐந்து மணிக்குக் காட்டுவேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளத்தாக்கில் ஒரு ஸ்பீக்கர் பாடினால் எதிர் மலை ஊர்வரை கேட்கும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் அந்த ஊர்களில் உண்டு.

உங்களை அழைத்து வருகிற டிரைவரை மட்டும் மறந்துவிடாதீர்கள். நீங்கள் கம்பளிக்குள் தூங்கும்போது அவர் பல இடங்களில் வேனுக்குள்ளேயே, கண்ணாடியை ஏற்றிவிட்டு, லுங்கியைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். மறுநாள் அதே ஆள்தான் கொண்டை ஊசி வளைவுகளில் உங்கள் குடும்பத்தை இறக்க வேண்டும். விடுதிகளில் டிரைவர்களுக்குத் தங்குமிடமும் கழிவறையும் வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2023-இல் கட்டட விதிகளைத் திருத்தியது. புக் செய்யும்போதே ‘டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா, ராத்திரிச் சாப்பாடு உண்டா’ என்று கேளுங்கள். டிரைவருக்கு ஒரு கம்பளி கொடுக்க மனமில்லாத இடம் உங்களையும் பணமாகத்தான் பார்க்கும்.

புக் செய்வதற்கு முன் போனில் வேறு சிலவும் கேட்கலாம். இடம் பட்டா நிலமா, தங்கவைக்க உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். அனுமதி இல்லாத டென்ட்டுகளை அதிகாரிகள் வந்து அகற்றும்போது நடுராத்திரியில் பிள்ளைகளோடு நடுத்தெருவில் நிற்கப் போவது நீங்கள்தான். ஒரே ராத்திரியில் மொத்தம் எத்தனை பேரைத் தங்கவைக்கிறார்கள், கழிவுநீர் எங்கே போகிறது, குப்பையை என்ன செய்கிறார்கள், யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் எந்த மருத்துவமனை, போக எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். சமைக்கிறவரும் வழிகாட்டுகிறவரும் உள்ளூர்க்காரர்களா என்று கேளுங்கள். பளியர் பழங்குடிக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள் அந்தக் காட்டை நமக்கெல்லாம் முன்பே அறிந்தவர்கள். 1845-இல் மதுரையிலிருந்து அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்குப் பயந்து மலையேறி முதல் பங்களாக்களைக் கட்டும்போதே அவர்கள் அங்கே இருந்தார்கள். உங்கள் வாடகையில் ஒரு பங்காவது அந்த மலையில் பிறந்தவர்கள் கைக்குப் போக வேண்டும்.

நேர்மையாக நடத்துகிறவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். நான் சொன்ன அந்தக் குடும்பத்திடம் கேட்டுப் பாருங்கள். செப்டிக் டேங்க் எங்கே என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் காட்டுவார்கள். சுற்றி வளைத்துப் பேசுகிறவர், ‘அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம், நீங்க வாங்க’ என்கிறவர் இருந்தால் வேறு இடம் தேடுங்கள். தங்கி வந்த பிறகு கருத்து எழுதும்போது சூரிய உதயத்தைப் பற்றி மட்டும் எழுதாமல் கழிவறையையும் குப்பையையும் ராத்திரி சத்தத்தையும் பற்றி எழுதுங்கள். நடத்துகிறவர்கள் வருவாய்த்துறை நோட்டீஸைவிட உங்கள் கருத்துக்கு அதிகம் பயப்படுகிறார்கள்.

கொடைக்கானல் மலையில் நீலக்குறிஞ்சி கடைசியாகப் பூத்தது 2018-இல். பன்னிரண்டு வருஷக் கணக்குப்படி அடுத்து 2030. அந்த வருஷம் இப்போது வருவதைப்போல் பல மடங்கு பேர் வருவார்கள். அதற்காக இப்போதே புல்மேடுகளைப் பார்த்து விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் இந்த வருஷம் எந்த மாதிரி இடத்துக்குப் பணம் கொடுக்கிறீர்களோ, அந்த மாதிரி இடங்கள்தான் அங்கே எழும்பும். ஆகவே அடுத்த முறை போனை எடுக்கும்போது, வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

அன்புடன்,
மலையடிவாரத்திலிருந்து ஒருவன்
வத்தலக்குண்டு